குடியை விட்ட பிறகு தூக்கம் வர

குடியை நிறுத்திய பலரை மறுபடி கடைக்கு இழுத்துப்போவது தூக்கமின்மைதான். "ஒரு குவார்ட்டர் போட்டால் கண் அசந்துவிடும்" என்று நள்ளிரவில் தோன்றும். அந்த நேரத்தைத் தாண்டத்தான் இந்த வழிமுறைகள்.

முதலில் உயிர். தினமும் குடித்தவர் டாக்டரிடம் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் சில நாட்களில் கைநடுக்கம் அதிகமாவது, வலிப்பு, இல்லாத ஆட்கள் தெரிவது, பேச்சுக் குழறுவது என எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

இத்தனை நாள் மது மூளையை அமுக்கியது; மூளை எதிர்த்து முறுக்கிக்கொண்டே இருந்தது. மது போனாலும் முறுக்கு தளரச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அமுங்கிக் கிடந்த கனவுகளும் பெருகி வரும். கனவில் குடித்துவிட்டு, விடிந்ததும் பதறி வாயை முகர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. பயம் வேண்டாம், நீங்கள் குடிக்கவில்லை.

இனி, எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூக்கத்தை வரவழைக்க நம்மால் முடியாது, எழ முடியும். 4 மணிக்குத்தான் கண் மூடியது என்றாலும் 6 மணிக்கு எழுந்து வெயிலில் நில்லுங்கள். அப்படி விழித்த நாளில் வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். பகலில் முடியவே இல்லையென்றால், 3 மணிக்கு முன் 20 நிமிடம் படுக்கலாம்.

குடித்துப் பழகிய மாலைப் பொழுதை வெறுமையாக விடாதீர்கள். டாஸ்மாக் 10 மணிக்குச் சாத்தும்வரை கையில் வேலை இருக்கட்டும். நடப்பதென்றால் கடை இல்லாத தெருவில் நடங்கள். குடியை விட்டவர்களுக்கு டீ கணக்கில்லாமல் இறங்கும், மதியத்தோடு நிறுத்துங்கள். படுக்கும் முன் பீடி, சிகரெட்டும் வேண்டாம், அவையும் விழிப்பைத்தான் தரும்.

கண் சொருகினால் மட்டும் படுங்கள். சுமார் 20 நிமிடம் புரண்டும் வரவில்லையா? எழுந்து கூடத்துக்கு வாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் பூண்டு உரிக்கலாம், காய்ந்த துணியை மடிக்கலாம். போனைத் தொடாதீர்கள், கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள். கண் கனத்ததும் திரும்பப் படுங்கள். ஓர் இரவில் எத்தனை முறை எழ நேர்ந்தாலும் சரி. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் பல, மூளையில் மது வேலை செய்த இடத்திலேயே வேலை செய்பவை, அவற்றுக்கும் அடிமையாகலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். உங்கள் குடிப்பழக்கத்தை முழுக்கத் தெரிந்த டாக்டர் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: காலையில் எழுந்ததும் "தூங்கினீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே இரவில் பாரமாக ஏறும். ஆனால் அவர் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு மாதமாகியும் தேறவில்லை, மனம் துவண்டே கிடக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்கமின்மைக்கென்றே மாத்திரை இல்லாத பயிற்சி சிகிச்சை இருக்கிறது. படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் தினமும் காலண்டர் தாளில் குறித்து அவரிடம் எடுத்துப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.