தெருவைக் காக்க ரோந்து போக வேண்டியதில்லை

தடியும் டார்ச்சுமாக ராத்திரி முழுக்கத் தெருவைச் சுற்றி வரும் உற்சாகம் நாலு நாளில் வடிந்துவிடும். பூட்டை உடைப்பவர்கள் பெரும்பாலும் பகலிலேயே வந்து நோட்டம் விட்டுப் போகிறவர்கள். அந்தப் பகல்தான் நம் கையில் இருக்கிறது.

முதல் வேலை, இருபக்க வீட்டாரின் எண்களும் எதிர்வீட்டு எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இருந்தாலும் பாதுகாப்புக்குத் தனியாக ஒன்று வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அவசரச் செய்தி மூழ்கிப்போகும். இஸ்திரி வண்டிக்காரரையும் முனை மளிகைக் கடைக்காரரையும் அதில் சேருங்கள். யார் தெருவுக்குப் புதிது என்பது குடியிருப்பவர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது பூட்டிய வீடு. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போனவர் வீட்டை வாசலே காட்டிக்கொடுக்கும்: கோலமில்லாத வாசல், கேட்டுக்குள் குவிந்த பேப்பர், பட்டப்பகலில் எரியும் போர்ட்டிகோ விளக்கு. கிளம்பும் முன் பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் போடலாம். கேட்டில் பூட்டு வெளியே தொங்க வேண்டாம், உள்பக்கமாகப் போடுங்கள். பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்ட், மீட்டர் பெட்டி என்று சாவி வைக்கும் இடமெல்லாம் திருடருக்கு மனப்பாடம். நகை வங்கி லாக்கருக்குப் போகட்டும். காவல் நிலையத்தில் முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, தொடர்பு எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் ரோந்துக் காவலர்கள் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைப்பார்கள். கொடைக்கானல் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதற்கு, திரும்பி வந்த பிறகு நிறைய நேரம் இருக்கிறது.

சிசிடிவி வாங்க நாலு வீடு சேர்ந்து பணம் போடலாம். சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்திலும் குடியிருப்போர், வணிகர்களின் பங்களிப்பு பெரிது. ரொம்ப உயரத்தில் மாட்டினால் தலை உச்சிதான் பதிவாகும். முகமும் வண்டி எண்ணும் தெரிகிற உயரத்தில், தெரு நுழைவைப் பார்த்து வையுங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வேண்டாம். பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவதும் உண்டு, அதனால் அதைப் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். தேதி, நேரம் சரியா, உண்மையிலேயே பதிவாகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் சென்னையில் 1913. கம்பத்து எண்ணைச் சொன்னால் வேலை சுலபம்.

சந்தேகம் வந்தால் நடத்தையைப் பாருங்கள், ஆளின் தோற்றத்தை அல்ல. வரிசையாகக் கேட்டுகளைத் தள்ளிப் பார்ப்பது சந்தேகத்துக்குரியது. இந்தி பேசுவதும் அழுக்குச் சட்டையும் அப்படியல்ல. 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பி ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. ‘உஷார்’ என்று வரும் ஃபார்வர்டை, காவல் நிலையத்தில் கேட்காமல் குழுவில் போடாதீர்கள்.

துரத்தவும் வேண்டாம். 112க்கோ 100க்கோ அழைத்து, முதலில் இடத்தையும் அடையாளத்தையும் சொல்லுங்கள். பிறகு வண்டி எண், நிறம், போன திசை. சட்டை மாறிவிடும், செருப்பு மாறாது, அதையும் கவனியுங்கள். கண்ணெதிரே திருடியவரைப் பிடித்துவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அப்படியும் திருட்டு நடந்துவிட்டால் உள்ளே போய் பீரோவைத் தொடாதீர்கள், கைரேகை அழியும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பியனுப்ப முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், காப்பீட்டுக்குக் கேட்பார்கள், மறக்காமல் வாங்கி வையுங்கள்.