காற்று ஏற்றும் விளக்கு

(உரைநடைப் பாடம்)

காற்று வரும் திசையறிந்து அதற்குப் பெயரிட்டவர்கள் தமிழர்கள். தெற்கிலிருந்து வீசுவது தென்றல். வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. உடலைத் தழுவிச் செல்லும் இக்காற்று, ஒரு சிறிய வீட்டிற்கு விளக்கேற்றவும் வல்லது. எனினும், எல்லா இடத்திலும் அது எளிதில் இயல்வதன்று.

கோலார் தங்கவயலுக்கும் மின்சாரத்திற்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியாக மின்சாரம் இங்கு வந்தது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர், 1905இல்தான். ஆயினும், அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காகவே வந்தது. மூங்கில் தட்டிகளால் அமைந்த தொழிலாளர் குடிசைகள் அன்றே ஒளி பெற்றுவிடவில்லை. ஊருக்குள் கம்பி வருவது வேறு; வீட்டிற்குள் வெளிச்சம் வருவது வேறு.

கம்பியை எதிர்பாராமல் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் வீட்டைத் தற்சார்பு மின்வீடு எனலாம். அத்தகைய வீட்டிற்குச் சிறுமையே வலிமை. வீடு சிறிதானால் தேவையும் சிறிதாகும். 9 வாட் விளக்குகள் மூன்று, நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்மணி செலவாகும். 30 வாட் மின்விசிறி 8 மணி நேரம் சுழன்றால் 240 வாட்மணி. கைப்பேசிகளுக்கு 25 வாட்மணி. ஆக மொத்தம் 400 வாட்மணி. அதாவது, அரை யூனிட்டிற்கும் குறைவு.

இதனைக் காற்று தருமா? 2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலை, நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில் ஏறத்தாழ 30 வாட் தரும். நாள் முழுவதும் அவ்வாறு வீசினால் 720 வாட்மணி கிடைக்கும். பாதி நேரமே வீசினால் 360தான், தேவைக்கு எட்டாது. காற்றின் வேகம் இருமடங்கானாலோ ஆற்றல் எட்டு மடங்காகும். 30 வாட் 240 வாட்டாக உயரும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே, காற்று ஓய்ந்த நாளுக்கென மின்கலத்தில் சேமித்தல் வேண்டும். கதிரவத் தகட்டைத் துணையாகக் கொள்ளுதலும் நன்று.

பேத்தமங்களாவில் பாலாற்றைத் தேக்கிய ஏரி தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. அதன் கரையில் வீசும் காற்று முகத்திற்கு இதமாக இருக்கலாம். காற்றாலைக்குப் போதுமா என்பதை ஆண்டு முழுவதும் அளந்தே அறிதல் வேண்டும். வீடும் மரமும் தரையருகே காற்றைத் தடுக்குமாதலால், காற்றாலைக்கு உயர்ந்த கம்பமும் தேவை.

இயற்கையே காற்றுக்கு வாயில் திறந்துவிட்ட இடங்களும் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் கோடைக்காற்று உடுமலைப்பேட்டைப் பகுதியில் வலிமையுடன் வீசுகிறது. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதனை நன்கு பயன்படுத்திக்கொண்டது. வீட்டிற்கு ஒரு காற்றாலை என்று எண்ணாமல், ஊருக்கு ஒரு காற்றாலை என்று எண்ணியது. ஊராட்சியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், 350 கிலோவாட் காற்றாலையை உடுமலைப்பேட்டை அருகே 2006இல் நிறுவியது. அம்மின்சாரம் மின்வாரியத்திற்குச் சென்றது. ஊராட்சிக்கு வருவாய் வந்தது. குடிசைகளில் வாழ்ந்த மக்களுக்கு அரசுத் திட்டங்களின் வழியே சிறு வீடுகளும் எழுந்தன.

ஓடந்துறை கம்பியைத் துறக்கவில்லை. காற்றுள்ள இடத்தில் ஆக்கிய மின்சாரத்தைக் கம்பியிடம் ஒப்படைத்தது. கம்பி எட்டாத மலைச்சரிவிலோ, காட்டோரத்திலோ வாழும் குடும்பத்திற்குத் தனிக் காற்றாலை துணையாகலாம். கம்பி எட்டிய ஊருக்குப் பொதுக் காற்றாலையே சிக்கனமானது. எவ்வழியாயினும், கடைசி வீட்டிலும் விளக்கு எரிகின்றதா என்று கேட்பதே முறை.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே அமைந்த வழி
மின்கலம் – மின்னாற்றலைச் சேமிக்கும் கருவி
வாட்மணி – ஒரு வாட் கருவி ஒரு மணி நேரத்தில் செலவிடும் மின்னாற்றல். 1000 வாட்மணி ஒரு யூனிட்

வினாக்கள்

1. நான்கு திசைக் காற்றுகளின் பெயர்களை எழுதுக.
2. 'ஊருக்குள் கம்பி வருவது வேறு. வீட்டிற்குள் வெளிச்சம் வருவது வேறு' – விளக்குக.
3. ஓடந்துறை ஊராட்சி தன் காற்றாலையை வேறோர் ஊரில் நிறுவியது ஏன்?
4. உன் வீட்டின் விளக்குகளும் விசிறிகளும் ஒரு நாளில் செலவிடும் வாட்மணியைக் கணக்கிட்டு, எவற்றைக் குறைக்கலாம் என ஐந்து தொடர்களில் எழுதுக.