ஜெபத் தமிழை இறக்கி வையுங்கள்

பதினெட்டு வருடமாக வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு ஹாலில் ஜெபக்குழு நடக்கிறது. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் உண்மையான பேச்சு வரும். "எல்லாம் செய்றேன்க்கா, ஆனா ஆண்டவர் பக்கத்துல இருக்கிற மாதிரியே தெரியல." இப்படிச் சொல்பவர்கள் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அல்ல. ஞாயிறு ஆராதனை தவறாதவர்கள், சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள். அதனால் வேதம் வாசியுங்கள், ஜெபம் செய்யுங்கள் என்று நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்ததை எழுதுகிறேன்.

1. இடமும் நேரமும்

ஒரே நாற்காலி, ஒரே நேரம், பதினைந்து நிமிடம். அதிகாலைதான் என்று சட்டமில்லை. ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டும் வீட்டில் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். எல்லோரும் கிளம்பிய பின் உட்காருங்கள். போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். வேதாகமம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். போனில் வாசித்தால் ஆகாதா? என்னைக் கேட்டால் ஆகாது.

2. வாசிப்பு

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஜனவரியில் ஆதியாகமத்தில் புறப்பட்டு லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நாளுக்கு ஒன்றாக 16 நாளில் முடிந்துவிடும். பிறகு சங்கீதம், தினம் ஒன்று. 119-ஐ மட்டும் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், அதில் 176 வசனம்.

காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனத்தை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். எரேமியா 29:11 எத்தனை வீட்டுக் காலண்டரில் தொங்குகிறது! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், எழுபது வருடம் ஆகும் என்கிறது. வாக்குத்தத்தம் மெய்தான், எழுபது வருடமும் அதோடு சேர்ந்தது. காலண்டரில் பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. எந்த வசனத்தையும் முன்னே பத்து, பின்னே பத்து சேர்த்து வாசியுங்கள்.

3. பேச்சு

எல்லோரும் விழும் குழி இதுதான்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிடம் தங்குதடையில்லாமல் ஜெபிப்பாள். தேசத்து அதிகாரிகள், மிஷனரிகள், வியாதியஸ்தர், திக்கற்றோர் என்று ஒருவரையும் விடமாட்டாள். ஒருநாள் கூட்டம் முடிந்து டம்ளர் கழுவ உதவ வந்தவள் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றபடி முணுமுணுத்தாள்: "என்னால முடியல ஆண்டவரே. அந்த மனுஷன் நேத்தும் குடிச்சிட்டு வந்துட்டார். நீர் பாத்துக்கிட்டுதானே இருந்தீர்?" நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த ஒரே ஜெபம் அதுதான் என்று எனக்குப் பட்டது. பின்னால் அவளிடமே சொன்னேன். இங்கே எழுதவும் அவள்தான் அனுமதி தந்தாள்.

நம்மில் பலருக்கு இரண்டு தமிழ் உண்டு. அம்மாவிடம், மீன்காரரிடம் பேச ஒன்று. கண்ணை மூடியதும் வருவது இன்னொன்று: 'தேவரீர்', 'கிருபையாய் இரங்கியருளும்'. போதகர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. சபையில் பலருக்காக ஒருவர் ஜெபிக்கும்போது அதற்கு ஓர் அழகு இருக்கிறது. தனி அறையில் அது திரைச்சீலையாகிவிடும். அந்தத் தமிழில் கடன்காரனைப் பற்றிச் சொல்ல முடியாது, மாமியார் மேலுள்ள கோபம் அதில் ஏறாது. சொல்ல முடியாததைச் சொல்லாமலே ஆமென் போட்டு எழுந்துவிடுகிறோம். பிறகு நெருக்கம் எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடம் வீட்டுத் தமிழில், வாய்விட்டு, மெதுவாகப் பேசுங்கள். நேற்று என்ன நடந்தது, எது வலித்தது, யார்மேல் எரிச்சல் என்று பெயரோடு சொல்லுங்கள். 'நீர்', 'உம்மை' இருக்கட்டும். நெல்லைப் பக்கத்தில் அது இன்றும் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் மூச்சு வாங்க இடம் கேட்டு நாலு வார்த்தைக்கு ஒருமுறை 'ஸ்தோத்திரம்' போடாதீர்கள். அந்த நல்ல சொல்லை நிரப்புப் பஞ்சாக்கிவிட்டோம்.

பயபக்தி குறைந்துபோகாதா என்று கேட்பார்கள். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்டுவிடுகிறார் தாவீது. 88-ஆம் சங்கீதம் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முறையீட்டிலேயே முடிந்துபோகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், யாரும் திருத்தவில்லை.

பேச வாய் வராதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஒரு பழைய நோட்டில் கடிதமாக எழுதுங்கள். 'அன்புள்ள ஆண்டவருக்கு' என்று தொடங்கினால் போதும், மூன்றாவது வரியில் உண்மை வந்துவிடும். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள்.

4. சும்மா இருப்பது

ஆமென் சொன்னதும் எழுந்து ஓடாதீர்கள். இரண்டு நிமிடம். கேஸ் தீர்ந்தது நினைவுக்கு வரும்; ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டுத் திரும்ப உட்காருங்கள். குரல் ஏதும் கேட்க வேண்டும் என்றில்லை.

5. மற்ற நேரம்

பதினைந்து நிமிடம் தொடக்கம்தான். சகோதரர் லாரன்ஸ் என்றொருவர் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காது. அங்கேயே, சட்டி பானை நடுவிலேயே, தேவனோடு பேசிப் பழகினார். 1691-இல் அவர் இறந்த பின் அவருடைய பேச்சுகளையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். நமக்குப் பழக எளிது, கைவேலையில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது. எனக்குத் துணி மடிப்பது: யாருடைய சட்டை கையில் வருகிறதோ அவருக்காக ஒரு வரி.

6. தவறிய நாள்

தவறும். நான்கு நாள் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் உபவாசம் இருந்து ஈடுகட்டப் பார்ப்பவர்கள் பத்தாம் நாள் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். பாக்கி என்று ஒன்றில்லை. இன்றைய அதிகாரத்தை வாசியுங்கள். மனம் வறண்டிருந்தால் முதலில் ஒழுங்காகத் தூங்கினீர்களா என்று பாருங்கள். சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர்.

நாளைக் காலைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு பாத்திரம் தேய்க்கும்போது, இன்று யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்கள் ஊர்த் தமிழில் அவரிடம் சொல்லுங்கள். 'தேவரீர்' வேண்டாம்.