கோடைப் பயணம் எங்கே? அட்லஸைக் கேளுங்கள்!



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழும். "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" மாமா ஊட்டி என்பார். சித்தி கன்னியாகுமரி என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்ற ஆண்டு குற்றாலம் போய் வந்தது தம்பியின் நினைவுக்கு வரும். கடைசியில் யார் குரல் உரத்து ஒலிக்கிறதோ அவர் சொன்ன ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கப்படும்.

இம்முறை அந்தப் பேச்சில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். கையில் ஒரு பள்ளி அட்லஸ், ஒரு நாட்காட்டி, ஒரு பென்சில் இருந்தால் போதும். ஓர் ஊர் ஏப்ரல் மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை அங்கே போகாமலே பெருமளவு கணித்துவிடலாம்.

முதலில் உயரம். ஊட்டி ஏன் குளிர்கிறது? "மலை உயரமாக இருப்பதால்" என்று உடனே சொல்வீர்கள். உயரமாக இருந்தால் சூரியனுக்கு அருகில் அல்லவா இருக்கிறது? அப்படியானால் இன்னும் சுட வேண்டாமா? சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதில் இரண்டு கிலோமீட்டர் ஏறிவிட்டால் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது! உண்மைக் காரணம் வேறு. சூரிய ஒளி காற்றின் ஊடே பெரும்பாலும் தடையின்றிப் பாய்ந்து நிலத்தைச் சூடேற்றுகிறது. சூடான நிலம்தான் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதாவது, நமது வளிமண்டலம் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் போலக் கீழிருந்து சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிவடைகிறது. விரிவதற்குத் தன்னிடமுள்ள வெப்ப ஆற்றலையே செலவிட வேண்டியிருப்பதால் குளிர்கிறது. சைக்கிள் டியூபிலிருந்து காற்றை வெளியே விடும்போது அது விரலில் குளிர்ச்சியாகப் படுவதை உணர்ந்திருப்பீர்கள். அதே செயல்தான்.

இப்படி உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த மலையூரின் வெப்பநிலையையும் தோராயமாகச் சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் ரயில் நிலையம் சுமார் 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேறுபாடு 1,877 மீட்டர். 6.5 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12 டிகிரி வரும். மேட்டுப்பாளையத்தில் நண்பகலில் 36 டிகிரி என்றால் உதகையில் 24 டிகிரி என்று எதிர்பார்க்கலாம். இது சராசரிக் கணக்கு என்பதை மறவாதீர்கள். வறண்ட காற்றுள்ள பிற்பகலில் குறைவு இன்னும் அதிகமாகவும், மேகமூட்டமுள்ள நாளில் குறைவாகவும் இருக்கும்.

அந்த மலை ரயிலில் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வெப்பமானியைக் கொண்டு செல்லுங்கள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் தண்டில் எஞ்சினின் பற்சக்கரம் பதிந்து பதிந்து ஏறும். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகையில் உயரம் எழுதியிருக்கும். நிழலில் வெப்பநிலையை அளந்து, உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியபின் வரைபடத் தாளில் புள்ளிகளை இட்டுப் பாருங்கள். 46 கிலோமீட்டர் மெதுவாக ஏறும் வண்டியில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொழுதும் ஏறும். ஆகவே கீழ் நிலையத்தில் காலையிலும் மேல் நிலையத்தில் பிற்பகலிலும் எடுத்த அளவுகளை அப்படியே ஒப்பிட முடியாது. இதை எப்படிச் சரிசெய்வது என்று நீங்களே யோசியுங்கள்.

மலையில் குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யக்கூடாது. மேலே செல்லச் செல்லப் புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் காற்று குறைகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் அந்தக் கதிர்கள் கூடுகின்றன. உடல் சுடுவதாகத் தெரியாமலே முகத்தோல் கன்றிப்போவது இதனால்தான். தொப்பி ஊட்டிக்கும் தேவை. காற்றழுத்தமும் அங்கே கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கிறது. நலமாக உள்ளவர்களுக்கு அது தொல்லை தராது. இதயநோயோ மூச்சுத்திணறலோ உள்ள பாட்டி, தாத்தாவை அழைத்துச் செல்வதானால் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. தண்ணீரும் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று அம்மா கேட்டால் இப்போது விடை சொல்வீர்கள்!

அறிவியல் முறையில் இடம் தேர்ந்தெடுப்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று கொடைக்கானலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சூரியனை ஆராய ஓர் ஆய்வகம் தேவைப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் ஆய்வகம் அங்கே தொடங்கப்பட்டது. அங்கிருந்துதான் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவதோடு நின்றுவிடாமல் இந்த ஆய்வகத்துக்கும் போய் வரலாம். பார்வை நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலை எட்டாத தொலைவில் இருக்கிறது, கடலுக்குப் போகலாம் என்கிறீர்களா? இங்கே வெப்பமானியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். திருச்சியில் 39 டிகிரி, ராமேசுவரத்தில் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எங்கே சுகம்? ராமேசுவரம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் உடல் குளிர்வது வியர்வை ஆவியாவதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் இந்தப் பயன் இல்லை. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை.

இதை அளக்க ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் நனைத்த மெல்லிய வெள்ளைத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு விசிறுங்கள். ஈரத்துணி சுற்றியது குறைவாகக் காட்டும். காற்று வறண்டிருந்தால் வேறுபாடு அதிகம், ஈரமாக இருந்தால் குறைவு. திருச்சியில் 39 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 25 டிகிரி காட்டும். ராமேசுவரத்தில் 33 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது 29 டிகிரி காட்டும். குறைந்த வெப்பநிலையுள்ள ஊரில்தான் உடல் குளிர்வது கடினம்! திருச்சியில் நிழலில் உட்கார்ந்து நிறையத் தண்ணீர் குடித்தால் சமாளிக்கலாம். கடற்கரையிலோ காற்று வீசினால்தான் ஆறுதல்.

அந்தக் காற்றும் நேரம் பார்த்து வரும். பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது, கடல் நீர் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசிச் சென்னை போன்ற கிழக்குக் கரை ஊர்களில் இந்தக் கடற்காற்றைத் தடுத்துத் தாமதப்படுத்தும். ஏப்ரலில் அந்தத் தடை குறைவு. ஆகவே கிழக்குக் கடற்கரைக்குப் போக விரும்புகிறவர்கள் கத்திரி வெயிலுக்கு முன்பே போய்விடுவது நல்லது. கன்னியாகுமரிக்குச் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிச் செல்லலாம். பௌர்ணமியன்று நிலவும் சூரியனும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் ஒன்று மறையும் வேளையில் மற்றது எழுகிறது. ஓரிடத்தில் நின்று இரண்டையும் கடல் விளிம்பில் காண்பது அரிய காட்சி.

நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரலில் சூரியன் தெற்கிலிருந்து வடக்காக நம் மாநிலத்தின் உச்சியைக் கடந்து செல்கிறது. ஏப்ரல் 10, 11 வாக்கில் கன்னியாகுமரியில் நண்பகலில் அது நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் சென்னைக்கு வந்துவிடும். அன்று நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கன்னியாகுமரியில் 12 மணி 20 நிமிடத்தை ஒட்டியும் சென்னையில் 12 மணி 7 நிமிடத்தை ஒட்டியும் பார்க்க வேண்டும். நமது கடிகாரங்கள் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதே இதற்குக் காரணம். சூரியன் ஏப்ரலில் உச்சிக்கு வந்தும் வெயில் மே மாதத்தில்தான் உச்சத்தை எட்டுகிறது. நண்பகல் பன்னிரண்டைவிடப் பிற்பகல் இரண்டரை மணி சூடாக இருப்பதைப் போன்றதுதான் இதுவும். நிலம் இழப்பதைவிடப் பெறுவது அதிகமாக உள்ளவரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

குற்றாலத்தைக் கேட்ட தம்பிக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். அங்கே அருவி கொட்டுவது தென்மேற்குப் பருவக்காற்றால். கேரளத்தில் அது ஜூன் முதல் நாளை ஒட்டித் தொடங்கும். அதன்பின் மலை இடைவெளி வழியே சாரல் இந்தப் பக்கம் வரும். ஏப்ரலில் போனால் பெரும்பாலும் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

மலைக்காட்டில் நடக்கலாம் என்று ஆசைப்படுவோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலைச்சரிவில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமதளத்தைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி வெகு வேகமாகப் பரவும். எரியும் தீயின் வெப்பக்காற்று சரிவை ஒட்டியே எழுந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் சுடர் விரலை நோக்கி எப்படி விரைகிறது என்று எண்ணிப் பாருங்கள் (செய்து பார்க்க வேண்டாம்!). மனிதனால் மலை ஏறி ஓடி அதை முந்த இயலாது. இப்பருவத்தில் வனத்துறை நடைபாதைகளை மூடுவது வழக்கம். அனுமதி இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். வழிகாட்ட ஆள் கிடைத்தாலும் போகக்கூடாது.

கோடை மழையும் மலையில் பிற்பகலில்தான் இடியுடன் வரும். காலைச் சூட்டில் எழுந்த ஈரக்காற்று பிற்பகலில் மேகமாகத் திரள்வதே காரணம். மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் இடி கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். காட்சி முனைகளைக் காலையிலேயே பார்த்துவிட்டு, வானம் கறுத்ததும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி ஆகாது.

கடைசியாகக் கூட்டம். எல்லாரும் ஊட்டியையும் கொடைக்கானலையும் நினைப்பதால் 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி இவ்விரு இடங்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வண்டிகளுமே அனுமதிக்கப்பட்டன. மலைச்சாலையில் நான்கு மணி நேரம் வண்டிக்குள் நின்றால் மேலே உள்ள 24 டிகிரியால் என்ன பயன்? என்னைக் கேட்டால், இரண்டே நாள் விடுப்புள்ள குடும்பம் தன் ஊருக்கு அருகிலுள்ள சிறிய மலையைத் தேர்வதே மேல் என்பேன்.

எடுத்துக்காட்டாகச் சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சேலத்தில் 38 டிகிரி என்றால் ஏற்காட்டில் எவ்வளவு? கணக்கிட்டு விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள். ஏரிக்கரையில் மர நிழலில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பயிற்சிக்கு உதவியாக என் விடையையும் சொல்லிவிடுகிறேன்: 30 டிகிரி.