ஊர் கூடி எண்ணுதல்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் பெரியோர். ஒருவரால் அசைக்கவும் இயலாத தேர், ஆயிரம் கைகள் வடம் பற்றியதும் வீதியில் நகர்கின்றது. ஆயினும், கைகள் பலவாக இருத்தல் மட்டும் போதுமா? ஒருபுறத்தார் இழுக்கையில் மறுபுறத்தார் நின்றுவிட்டால் தேர் கோணிக்கொள்ளும். கைகளின் எண்ணிக்கையைவிட அவை ஒருங்கியையும் முறையே சிறந்தது. இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

நாமக்கல் வட்டாரம் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஒரு பண்ணையில் 8 கொட்டகைகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு கொட்டகையின் முட்டைகளை எண்ண ஒரு மணி நேரம் ஆகும். ஒருவரே எண்ணினால் 8 மணி நேரம் வேண்டும். கொட்டகைக்கு ஒருவராக 8 பேர் எண்ணினால் ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை முடியும். ஆனால் கணக்கு முடியாது. எட்டுத் தொகைகளையும் ஒன்றாகக் கூட்ட வேண்டுமன்றோ?

எண்ணியவர் அனைவரும் ஒரே கணக்கரிடம் சென்றால், ஒருவர்பின் ஒருவராகக் காத்து நிற்பர். கணக்கர் 7 முறை கூட்டுவார். அவ்வாறின்றி, அண்டைக் கொட்டகையார் இருவர் இருவராகச் சேர்ந்து கூட்டினால் 8 தொகைகள் 4 ஆகும், பின்னர் 2 ஆகும், பின்னர் ஒன்றாகும். மூன்றே சுற்றுகளில் வேலை முடியும். இம்முறையில் 1,024 தொகைகளையும் 10 சுற்றுகளில் கூட்டிவிடலாம். பல செயலிகள் ஒரே காலத்தில் இயங்கி ஒரு கணக்கைத் தீர்க்கும் இத்தகைய முறையை இணை நெறிமுறை என்பர்.

ஏட்டில் இஃது எளிது. நடைமுறையிலோ ஓர் இடர் உண்டு. கொட்டகைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தால், எண்ணும் நேரத்தைவிட நடக்கும் நேரம் மிகுந்துவிடும். கணிப்பொறிகளிலும் அவ்வாறே. ஓர் எண்ணை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்ப ஆகும் நேரத்தில் ஆயிரம் கூட்டல்களுக்கு மேலும் செய்துவிடலாம். ஆகவே, அறிவுடைய அமைப்பாளர் ஒவ்வொரு செயலிக்கும் பெரும்பங்கு வேலையைக் கொடுத்து, அவை தம்முள் பேசிக்கொள்வதைக் குறைப்பர். லெசுலி வேலியன்ட் என்னும் அறிஞர் 1990இல் இதற்கு ஒரு சிறந்த மாதிரியை வகுத்தார். செயலிகள் தத்தம் பங்கைச் செய்யும், செய்தி மாற்றிக்கொள்ளும், அனைத்தும் முடியும்வரை காத்திருந்து, அடுத்த சுற்றைத் தொடங்கும்.

தேர்தல் வாக்குகள் மேசை மேசையாகவும் சுற்றுச் சுற்றாகவும் எண்ணப்படுவது இம்மாதிரியை ஒத்தது. மிகவும் தாமதமான மேசையே சுற்றின் நேரத்தை அறுதியிடுகின்றது. ஆதலால், வேலையைச் சமமாகப் பங்கிடுதல் இன்றியமையாதது.

எல்லாக் கணக்குகளும் எளிதில் சமமாகப் பங்கிட இடங்கொடா. நாமக்கல்லிலிருந்து புறப்படும் சரக்குந்து குறைந்த ஊர்களைக் கடந்து எவ்வூரையும் அடையும் வழியைக் காண விரும்புவோம். பெரிய ஊர்களை மட்டும் கருதினால், முதற்படியில் இராசிபுரமும் திருச்செங்கோடும் கிடைக்கும். அடுத்த படியில் இராசிபுரத்தை ஆராயும் செயலியும், திருச்செங்கோட்டை ஆராயும் செயலியும் ஒருங்கே சேலத்தை வந்தடையும். இரண்டும் தனித்தனியே சேலத்தைக் குறித்துக்கொண்டு மேற்சென்றால், ஒரே வேலை இருமுறை நடக்கும். அன்றியும், சாலைகள் பல கூடும் ஊர் ஒரு செயலிக்கும், சாலை ஒன்றே உள்ள ஊர் மற்றொன்றுக்கும் வாய்க்கக்கூடும். அப்பொழுது ஒன்று உழைக்க, மற்றொன்று வாளா இருக்கும்.

பங்கிடவே இயலாத வேலையும் உண்டு. 10 மணி நேர வேலையில் ஒரு மணி நேரப் பகுதியை ஒருவரே செய்ய வேண்டும் என்போம். எஞ்சியதை 9 பேர் சமமாகப் பகிர்ந்தால், மொத்தம் 2 மணி நேரம் ஆகும். ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. சீன் ஆம்டால் என்பார் 1967இல் இவ்வெல்லையை எடுத்துக்காட்டினார்.

நம் நாடும் இத்துறையில் தன் ஆற்றலைக் காட்டியது. உயர்திறன் கணிப்பொறிகளை வெளிநாடுகளிலிருந்து பெறுவதற்கு ஏற்றுமதித் தடைகள் குறுக்கே நின்ற காலத்தில், 1988இல் புனே நகரில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. விசய் பட்கர் தலைமையில் உழைத்த அறிஞர், சிறு செயலிகள் பலவற்றைப் பிணைத்து, 1991இல் 'பரம் 8000' என்னும் கணிப்பொறியை உருவாக்கினர். பேராற்றல் வாய்ந்த ஒன்று கிட்டாதபோது, சிறியன பல கூடிப் பேராற்றல் ஆயின.

மாணவர்களே! இன்று உங்கள் இல்லத்துக் கைப்பேசியிலும் செயலிக் கருக்கள் பல உள்ளன. அவற்றைப் பெருக்குதல் தொழிற்சாலையின் வேலை. வீணே காத்திராமல் இயங்கச் செய்தல் மனித அறிவின் வேலை. வேலையைச் சமமாகப் பகிர்தல், வேண்டியபோது மட்டும் பேசுதல், பிறரைக் காக்க வைக்காதிருத்தல் ஆகிய மூன்றும் கணிப்பொறிக்கு மட்டுமா உரியவை? கூடி வாழும் நமக்கும் உரியவை அல்லவா?

வினாக்கள்

1. எட்டுத் தொகைகளை மூன்று சுற்றுகளில் கூட்டுவது எவ்வாறு?
2. செயலிகள் தம்முள் பேசுவதைக் குறைப்பது ஏன்?
3. பாடத்தில் கூறிய 10 மணி நேர வேலையில், பங்கிடத்தக்க பகுதியை 18 பேர் செய்தால் மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?