முத்தும் சாளையும்



நமது கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். ஆனாலும் நமது பாட்டன்மார் முத்தை நம்பிக் குடும்பம் நடத்தவில்லை. பாரில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்த்து, சர்க்கார் உத்தரவு கொடுத்தால்தான் தோணிகள் புறப்படும். சிப்பியே இல்லாமல் பல வருஷங்கள் சேர்ந்தாற்போல் கழிந்ததும் உண்டு. கடைசிக் குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தவை.

குளிப்பு நடந்த வருஷத்திலும் முத்து இலேசில் கைக்கு வரவில்லை. குளிப்பவர் கல்லின்மேல் கால் வைத்து இறங்கி, மூச்சை அடக்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் சிப்பி பொறுக்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலி போவதை எவன் பொறுப்பான்! இப்படி எடுத்த சிப்பியில் வெள்ளைக்காரர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. வாங்குகிறவர்களும் திறக்காத சிப்பியையே ஏலத்தில் எடுத்தார்கள். திறந்து பார்த்தால் அநேகத்தில் ஒன்றும் இராது.

மற்ற வருஷங்களில் அடுப்பு எரிந்தது சாளையாலும், சங்காலும், உப்பளத்துக் கூலியாலும்தான்.

இன்று நம் வீடுகளில் சந்தோஷத்தை முத்துப்போல் எதிர்பார்த்திருக்கிறோம். மகனுக்குக் கப்பலில் வேலை கிடைக்கட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், கடன் தீரட்டும், பிறகு சிரித்துப் பேசலாம் என்கிறோம். அந்த நாள் வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். தகப்பனிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை.

1978-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரை, விழாத 22 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பணம் விழுந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக சந்தோஷமாய் இருந்ததாகத் தெரியவில்லை. சிநேகிதரோடு பேசுவது, காலை ஆகாரம், ஒரு வேடிக்கைப் பேச்சு, இவற்றில் அவர்களுக்குக் கிடைத்த ருசியும் குறைந்திருந்தது. 22 பேரை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது, வாஸ்தவம். ஆனாலும் யோசிக்கத்தக்க சங்கதி.

வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. புருஷன் வீட்டில், பணமோ கையில் இல்லை. சண்டைக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குடும்பத்திடம் போய், "உள்ளதில் திருப்தியாயிரு" என்று உபதேசம் செய்வது அழகல்ல. அரிசிக்கும் கடனுக்கும் முதலில் வழி பார்க்க வேண்டும். ஆனால் அதே 61 நாளும் தகப்பன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருக்கிறான் என்பதையும் கவனியுங்கள். மற்ற மாதங்களில் அது எத்தனை நாள் வாய்க்கிறது?

ஆகையால் தாய்மாரே, ஒருவேளைச் சாப்பாடாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்படி செய்யுங்கள். சாளைக் குழம்பு போதும். அந்த நேரத்தில் கடன் பேச்சு வேண்டாம். செல்போனும் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்கள் வீட்டில் காலை ஆகாரத்துக்கு அப்படிச் சேரலாம். வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசும்போது பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரைத் தாத்தா சொல்லிக் கொடுக்கட்டும்; நமது பிள்ளைகளில் பலருக்கு அது தெரியவில்லை.

குடிக்கிறவனும் அதைச் சின்ன இன்பம் என்றுதான் சொல்லுவான். அவன் மனைவியைக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

நம் ஊர் மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு, இவ்வளவுதான். இன்று பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் கால் கிலோ வாங்கிப் போங்கள். பாட்டிக்கு முதலில் கொடுங்கள். அவர்களுக்குப் பல் வேண்டியதில்லை, வாயில் வைத்ததும் கரைந்துவிடும்.