போட்டிக்கு எடை குறைக்க, உடம்பைக் கெடுக்காத வழி

2024 ஆகஸ்ட் 7 காலை பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் தராசில் ஏறியபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்தது. முந்தின நாள்தான் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்திருந்தார். இரவெல்லாம் ஓடி வியர்த்தும், முடியை வெட்டியும் போதவில்லை, பதக்கம் போயிற்று. புதுச்சேரியில் பாக்சிங்கோ ஜூடோவோ மல்யுத்தமோ பழகுகிறீர்கள் என்றால், அந்த இரவு உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, எடைப் பிரிவைப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே முடிவு செய்வது. ஒரு வாரம், தினமும் காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரிதான் உங்கள் எடை. வாரத்துக்கு அதில் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கலாம். 60 கிலோக்காரருக்கு 300 முதல் 600 கிராம். அவர் 57-க்கு வர ஐந்து வாரமாவது வேண்டும். கையில் இரண்டு வாரம்தான் இருக்கிறதா? மேல் பிரிவில் இறங்குங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகள் போட்டிக்காக எடை குறைக்கவே வேண்டாம். கோச் சொன்னாலும் பெற்றோர் விடக்கூடாது.

அடுத்தது சாப்பாடு. பட்டினி வேண்டாம். சாயங்கால பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ, ராத்திரி பரோட்டா மூன்றையும் நிறுத்துங்கள். சோற்றைக் குறைத்து, குழம்பு மீன், முட்டை, சுண்டலைக் கூட்டுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதமாவது சேர்ந்தால்தான் சதை கரையாமல் கொழுப்பு கரையும்.

பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக் கடற்கரைச் சாலையில் ஓடாதீர்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில் அது ஏற்கெனவே மெதுவாகத்தான் காயும். ஜாக்கெட் அதையும் அடைத்துவிடும். உடம்புச் சூடு ஏறும், ரத்தத்தில் நீர் குறையும், உப்புச் சமநிலை கெட்டு இதயத் துடிப்பு தடுமாறும். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் காற்றுப் புகாத உடை போட்டு, சூடான அறையில் பயிற்சி செய்து செத்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்குத் தடை வந்தது. நீர் மாத்திரையும் கூடாது. போட்டி இல்லாத நாளிலும் அது தடைசெய்யப்பட்ட மருந்து.

பயிற்சியில் யாருக்காவது தலை சுற்றினால், பேச்சு குழறினால், உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசி வாரம் பிரிவின் எல்லைக்கு 300 கிராமாவது கீழே இருங்கள். போட்டித் தராசும் உங்கள் தராசும் ஒன்றுபோல் காட்டாது. எடை பார்த்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பிறகு உப்புப் போட்ட கஞ்சி, வாழைப்பழம். மறுநாளும் எடை பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வினேஷ் முதல் நாள் காலை 49.9 கிலோதான் இருந்தார். ஆடி, சாப்பிட்டு, குடித்த பிறகு 52.7. மெதுவாகக் குறைத்தவருக்கு அந்த ஏற்றம் சின்னதாக இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.